வியர்ட் டேல்ஸ்: கதை, கவிதை, அட்டைப்படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பழைய அமானுஷ்யக் கதைப் பத்திரிகையான வியர்ட் டேல்ஸைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுவிட்டேன். 1923 முதல் 1954 வரையிலான முதல் காலத்தைப் பற்றித்தான் பேச்சு. அதற்குப் பிறகு வந்த மறுபிறவிகளுக்கு ஒரு பத்தி போதும்.

இது என்ன பத்திரிகை? பேய்க்கதை மட்டும்தானா?

1923 மார்ச் மாத இதழோடு சிகாகோவில் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஜே. சி. ஹென்னெபெர்கர், ஜே. எம். லான்சிங்கர் என்ற இருவர். விலை 25 சென்ட். பேய்க்கதை உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. வேற்றுக்கிரகக் கதை, வாளும் மந்திரமும் கலந்த சாகசக் கதை, பைத்தியக்கார விஞ்ஞானி கதை, பழங்கால எகிப்துக் கல்லறைக் கதை என்று மற்ற பத்திரிகைகள் ‘இது எங்களுக்கு ஒத்துவராது’ என்று திருப்பி அனுப்பியதெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. தலைப்புக்குக் கீழே ‘தனித்தன்மை வாய்ந்த பத்திரிகை’ என்று போட்டுக்கொண்டார்கள். அந்த நாளில் இந்த வகைக்கென்றே அப்படி வேறு பத்திரிகை இல்லாததால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஹென்னெபெர்கருக்கு எட்கர் ஆலன் போ மேல் பித்து. இடத்துக்கும் காலத்துக்கும் அப்பால் கிடக்கும் ஒரு விசித்திர நிலத்தைப் பற்றிய போவின் ‘ட்ரீம்-லேண்ட்’ கவிதை வரிகளிலிருந்துதான் பத்திரிகையின் பெயர் பிறந்தது. ஆக, கதைப் பத்திரிகைக்குப் பெயர் வைத்ததே ஒரு கவிதை.

‘பல்ப்’ பத்திரிகை என்கிறார்களே, அப்படியென்றால்?

மரக்கூழில் செய்த மட்டமான காகிதத்தில் அச்சான பத்திரிகை. உள்ளே சொரசொரப்பான பழுப்புத் தாள், வெளியே மட்டும் வழவழப்பான வண்ண அட்டை. வழவழப்புத் தாளில் வந்த பணக்காரப் பத்திரிகைகள் விளம்பரத்தில் பிழைத்தன. இவை கடையில் விற்கும் பிரதிகளை நம்பியே பிழைத்தன. அதனால் கடைக்காரர் தொங்கவிட்டிருக்கும் இருபது முப்பது பத்திரிகைகளில் ஒருவர் கண் எதில் விழுகிறது என்பதுதான் வாழ்வா சாவா. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

ஆசிரியர் யார்?

மூன்று பேர். முதலில் எட்வின் பெயர்ட். பதின்மூன்று இதழ்களுக்குள் 40,000 டாலருக்குக் குறையாத கடன் ஏறிவிட்டது, அவரும் போனார். 1924 நவம்பரிலிருந்து 1940 வரை ஃபார்ன்ஸ்வர்த் ரைட். ‘வியர்ட் டேல்ஸின் பொற்காலம்’ என்று யாராவது சொன்னால் ரைட்டின் காலத்தைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு 1954இல் மூடும்வரை டோரதி மெக்கில்ரெய்த்.

ரைட் ஒரு விசித்திரமான கலவை. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி நடுங்கிக் கடைசியில் தன் கையெழுத்தைக்கூடப் போட முடியாத நிலைக்கு வந்தவர், மாதாமாதம் பத்திரிகையைக் கொண்டுவந்தார். நல்ல கதையைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பார். அதே ஆள் நல்ல கதையைத் திருப்பியும் அனுப்புவார், ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேட்கவும் செய்வார். ஷேக்ஸ்பியரை இந்தக் கூழ்த்தாளில் மலிவு விலைக்குக் கொடுத்தால் ஜனங்கள் வாங்கிப் படிப்பார்கள் என்று நம்பி, 1935இல் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தைப் படங்களோடு 35 சென்டுக்கு வெளியிட்டார். யாரும் சீந்தவில்லை. அந்த வரிசையில் இரண்டாவது புத்தகம் வரவில்லை.

1938இல் பத்திரிகை கைமாறி நியூயார்க் போனது. ரைட்டும் கூடவே போனார். 1940இல் வேலை போனது, அதே வருடம் ஜூனில் உயிரும் போனது.

அந்த அட்டைப்படங்களை வரைந்தது யார்? ஒரு பெண் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மார்கரெட் பிரண்டேஜ். 1900இல் பிறந்த சிகாகோக்காரர். பள்ளியில் வால்ட் டிஸ்னி இவருடைய சக மாணவர். 1932 செப்டம்பர் இதழில் தொடங்கி 1945 வரை 66 அட்டைகள் வரைந்தார். அதிலும் 1933 நடுவிலிருந்து 1936 வரை இடைவெளியே இல்லாமல் 39 இதழ்களுக்கு அவர் படம்தான். ஓவியத்தின் மூலையில் ‘எம். பிரண்டேஜ்’ என்று மட்டும் இருக்கும். அரைகுறை உடையில் பெண்களை இப்படி வரைகிறவர் ஓர் ஆணாகத்தான் இருப்பார் என்று வாசகர்கள் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ‘எம்’ மார்கரெட் என்று தெரிந்தபோது பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஓர் அட்டைக்கு 90 டாலர். பொருளாதாரம் சரிந்து கிடந்த வருடங்களில் அது நல்ல காசு. கணவர் ஊர் சுற்றி, குடும்பத்தை நம்பி விட முடியாத ஆள். அம்மாவையும் மகனையும் இவர்தான் காப்பாற்ற வேண்டும். வேலை நடந்த விதம் இதுதான்: ரைட் கதையைக் கொடுப்பார். இவர் சில காட்சிகளைப் பென்சிலில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு மிச்சிகன் அவென்யூ அலுவலகத்துக்குப் போவார். ரைட் ஒன்றைக் காட்டி ‘இது’ என்பார். வீட்டுக்கு வந்து அதைப் பேஸ்டலில் முடிப்பார்.

இந்தப் பேஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மற்ற ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோது இவர் மட்டும் சுண்ணக்கட்டி மாதிரியான பேஸ்டலை எடுத்தார். பிரண்டேஜின் பெண்களுக்கு இருக்கும் அந்த மெத்தென்ற தோலும், பின்னால் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைந்துபோகும் நிறமும் அதனால் வந்தவை. ஆனால் விரல் பட்டால் கலைந்துவிடும். அலுவலகம் சிகாகோவில் இருந்தவரை நேரே கொண்டுபோய்க் கொடுத்தார், சிக்கல் இல்லை. நியூயார்க்குக்குப் பார்சலில் அனுப்ப வேண்டும் என்று ஆனதும் வேலை குறைந்தது. அதே சமயம் நியூயார்க்கில் மேயர் லா கார்டியா ஆபாசப் பத்திரிகைகளுக்கு எதிராகக் கிளம்பியிருந்தார், அதனால் பெண்களுக்கு உடையும் கூடியது. அசல் ஓவியங்களில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன. அவர் 1976இல் இறந்தார், கடைசி வருடங்கள் கஷ்ட ஜீவனம்தான்.

அவர் வரைந்ததில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் எது?

1933 அக்டோபர். வௌவால் பெண். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான், இன்றும் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். கறுப்பு வௌவால் ஒன்று இறக்கை விரித்து உட்கார்ந்த மாதிரி ஒரு தலையணி, அதற்குக் கீழே வெளுத்த முகம், சிவந்த உதடு, உயர்த்திய கைகள், நேராக நம்மைப் பார்க்கும் பார்வை. பிரண்டேஜின் மற்ற அட்டைகள் பலவற்றில் பெண் பயந்துகொண்டிருப்பாள், யாரோ அவளை ஏதோ செய்யப்போவார்கள். இதில் பயப்பட வேண்டியது நாம்தான். வேறு ஆளும் இல்லை, மேசை நாற்காலி இல்லை, கதையே இல்லை. அது எந்தக் கதைக்கு வரைந்தது என்று இன்று பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. எட்மண்ட் ஹாமில்டன் புனைபெயரில் எழுதிய ஒரு ரத்தக்காட்டேரித் தொடர்கதைக்கு வரைந்தது. படம் நின்றுவிட்டது, கதை போய்விட்டது.

அட்டையில் ஏன் இத்தனை நிர்வாணம்? எழுத்தாளர்கள் ஒத்துக்கொண்டார்களா?

விற்றது, அதனால் போட்டார்கள். ரைட் இதை மறைக்கவும் இல்லை. வாசகர் கடிதப் பகுதிக்கு ‘தி ஐரி’, அதாவது கழுகுக்கூடு, என்று பெயர். அதில் மாதக்கணக்கில் இந்தச் சண்டைதான். பஸ்ஸில் வைத்துப் படிக்க வெட்கமாக இருக்கிறது, அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் படிக்கிறேன் என்பது ஒரு கட்சி. பிரண்டேஜை மாற்றினால் வாங்குவதை நிறுத்திவிடுவோம் என்பது எதிர்க்கட்சி.

எழுத்தாளர்களிலும் இரண்டு ரகம். அட்டை கிடைத்தால் மதிப்பு என்று தெரிந்தவர்கள், பிரண்டேஜ் வரைவதற்கு வசதியாகக் கதையில் ஓர் இடத்தில் கதாநாயகியின் ஆடையைக் கழற்றிவிடுவார்கள். சீபரி க்வின் இதில் கைதேர்ந்தவர். ராபர்ட் இ. ஹோவர்டும் சளைத்தவர் இல்லை. அவர் படைத்த வாள்வீரன் கோனனின் கதைகளுக்குப் பிரண்டேஜ் ஒன்பது அட்டைகள் வரைந்தார். கோனன் என்ற அந்த மலை போன்ற ஆள் அவற்றில் பலவற்றில் இல்லவே இல்லை. 1933 செப்டம்பர் அட்டையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைச் சவுக்கால் அடிக்கிறாள். 1934 டிசம்பர் கதையில், சிலுவையில் அறையப்பட்டுத் தொங்கும் கோனன் தன் கண்ணைக் கொத்த வந்த கழுகைப் பல்லால் கடித்தே கொல்கிறான். அப்படி ஒரு காட்சி கையில் இருக்கும்போது அட்டையில் வந்தது அக்காள் தங்கை இருவர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறு ஓவியர்கள் யாரும் இல்லையா?

நிறைய. டார்ஸான் புத்தகங்களுக்கு வரைந்து புகழ்பெற்ற ஜே. ஆலன் செயின்ட் ஜான் சில அட்டைகள் வரைந்தார். இன்றுவரை பத்திரிகையின் பெயரை எழுதும் அந்த வளைந்த எழுத்துரு அவர் 1933இல் செய்துகொடுத்ததுதான். ஹான்னஸ் போக்கின் கதை அழகானது: ஓவியங்களைத் தானே கொண்டுபோய்க் காட்டக் காசில்லை. 1939இல் நியூயார்க்கில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் பஸ் ஏறிய 18 வயது நண்பர் ஒருவர் அவற்றைக் கையோடு எடுத்துப்போய் ரைட்டிடம் காட்டினார். அந்த டிசம்பரில் அட்டையே போக்குடையது. நண்பர் வேறு யாருமில்லை, பின்னாளில் பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரி.

ஆனால் உள்ளே வந்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒரே ஆள்தான்: வர்ஜில் ஃபின்லே. ராச்செஸ்டர் நகரத்துப் பையன், 21 வயதில் 1935இல் சில படங்களைத் தபாலில் அனுப்பினார். ரைட்டுக்குப் பிடித்தது, ஆனால் ஒரு பயம். ஃபின்லே கோடு போட்டு நிழல் காட்டுகிறவர் இல்லை. கூர்மையான பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியாக வைத்து ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒரு முகத்தைக் கொண்டுவருகிறவர். கூழ்த்தாளில் மை பரவும். புள்ளியெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து அப்பிக்கொண்டால்? அதே தாளில் ஒன்றை அச்சடித்துப் பார்த்தார்கள். நின்றது. அதன் பிறகு ஃபின்லே படம் இல்லாமல் இதழ் வந்தால் வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

லவ்கிராஃப்டுக்கும் இந்தப் பத்திரிகைக்கும் என்ன தொடர்பு?

திகில் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டின் பெயரால்தான் இன்று பலரும் இந்தப் பத்திரிகைக்குள் வருகிறார்கள். அவருடைய ‘டேகன்’ கதை 1923 அக்டோபரில் வந்தது. 1924இல் ஆசிரியர் பதவியையே கொடுக்க முன்வந்தார்கள். சிகாகோவுக்குக் குடிபோக வேண்டும் என்றதும் மாட்டேன் என்றுவிட்டார்.

அந்த வருடம் நடந்த இன்னொன்று இதைவிட ருசியானது. பத்திரிகையைத் தூக்கி நிறுத்த மாயவித்தைக்காரர் ஹூடினியின் பெயரை ஹென்னெபெர்கர் வாடகைக்கு எடுத்தார். எகிப்தில் ஹூடினியைக் கட்டிப் பிரமிடுக்கு அடியில் போட்டார்களாம், அவர் தப்பினாராம் என்று ஒரு கதை. எழுதிக்கொடுக்க லவ்கிராஃப்டுக்கு 100 டாலர். அவர் எழுதி, டைப் அடித்து, நியூயார்க்கில் தன் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பிராவிடன்ஸ் ரயில் நிலையத்தில் கட்டைத் தொலைத்துவிட்டார். நல்லவேளை, கையால் எழுதிய பிரதி பையில் இருந்தது. தேனிலவில் புது மனைவி சோனியா உட்கார்ந்து வாசிக்க, இவர் மறுபடி டைப் அடித்தார். 1924 மே-ஜூன்-ஜூலை என்று மூன்று மாதத்துக்கும் சேர்த்து வந்த தடித்த இதழில் அது ஹூடினி பெயரில் வந்தது.

கடலடியில் உறங்கும் கதுலு என்ற பூதத்தைப் பற்றிய ‘தி கால் ஆஃப் கதுலு’ கதையை ரைட் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். 1927இல் டொனால்ட் வாண்ட்ரீ என்ற இளம் எழுத்தாளர் சிகாகோ வழியாகப் போனபோது ரைட்டைப் பார்த்து, லவ்கிராஃப்ட் வேறு பத்திரிகைகளுக்கு அனுப்ப யோசிக்கிறார் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். ரைட் உடனே கதையைக் கேட்டு எழுதினார். 165 டாலர் சன்மானம், 1928 பிப்ரவரி இதழில் வந்தது. அந்த இதழின் அட்டை? மேசைக்குப் பேய் பிடிக்கும் வேறொரு கதைக்கு. நூறு வருடம் ஆகப்போகிறது, உலகமெல்லாம் கதுலு பொம்மை விற்கிறது. அன்று கடையில் தொங்கியது மேசை.

1931இல் ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்’ என்ற நீண்ட கதையை ரைட் மறுத்தார். இந்த முறை யாரும் சிபாரிசுக்கு வரவில்லை. லவ்கிராஃப்ட் மனம் ஒடிந்துபோனார். அது 1936இல் வேறு பத்திரிகையில் வந்தது, அடுத்த வருடம் மார்ச்சில் அவர் இறந்தார்.

சன்மானம் எவ்வளவு? ஒழுங்காகக் கொடுத்தார்களா?

சாதாரணமாக வார்த்தைக்கு அரை சென்ட். பேர் வாங்கியவர்களுக்கு ஒரு சென்ட்வரை போகும். அதுவும் அச்சான பிறகுதான். பொருளாதார வீழ்ச்சியில் பத்திரிகையின் பணம் இருந்த இன்டியானாபொலிஸ் வங்கி முடங்கியதும் ‘அச்சான பிறகு’ என்பது ‘எப்போதாவது’ என்று ஆனது.

இதில் அதிகம் அடிபட்டவர் ஹோவர்ட். டெக்சாஸின் சின்ன ஊரில் இருந்துகொண்டு, 1925இல் தன் முதல் கதைக்கு 16 டாலர் வாங்கியவர். திருப்பி அனுப்பப்பட்ட பழைய கதை ஒன்றைத் தூசி தட்டித் திருத்தி 1932 டிசம்பரில் கோனனை அறிமுகப்படுத்தினார். (அந்த இதழின் அட்டையும் வேறொரு கதைக்குத்தான், வெள்ளிக்கிரகத்துக் கடற்கொள்ளையர்.) 1935 மே மாதம் ரைட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருத்துவச் செலவு கழுத்தை நெரிக்கிறது, எனக்கு வர வேண்டியது 800 டாலருக்கு மேல் இருக்கிறது, கொஞ்சமாவது அனுப்புங்கள். 1936 ஜூன் 11 அன்று, அம்மா இனிக் கண் விழிக்க மாட்டார் என்று தெரிந்ததும், 30 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்திரிகை அவருக்குத் தர வேண்டிய பாக்கி அப்போது 1,300 டாலரைத் தாண்டியிருந்தது.

பெண் எழுத்தாளர்கள் உண்டா?

உண்டு, நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கிரேய் லா ஸ்பினா, மேரி எலிசபெத் கவுன்சல்மேன் என்று பட்டியல் நீளும். நான் நிறுத்திப் பேச விரும்புவது சி. எல். மூரைப் பற்றி.

இன்டியானாபொலிஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்த கேத்தரின் மூர், 1933 நவம்பரில் ‘ஷாம்ப்ளோ’ என்ற கதையோடு வந்தார். ரைட் அதைப் படித்த சந்தோஷத்தில் அன்றைக்கு அலுவலகத்தையே மூடிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். பெயரைச் சுருக்கியது பெண் என்பதை மறைக்க என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். அவரே சொன்ன காரணம் வேறு: தனியாக எழுதிச் சம்பாதிப்பது வங்கிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

கதை இதுதான். செவ்வாய்க்கிரகத்தில் ஒரு தெரு. கூட்டமொன்று ஒரு பெண்ணைக் கொல்லத் துரத்துகிறது. நார்த்வெஸ்ட் ஸ்மித் என்ற கடத்தல்காரன், இரக்கப்பட்டு, ‘இவள் என்னுடையவள்’ என்கிறான். துரத்தியவர்கள் சண்டை போடவில்லை. அருவருப்போடு அவனைப் பார்த்துவிட்டுக் கலைந்துபோகிறார்கள். வாசகருக்கு முதுகில் சில்லென்று படுவது இங்கேதான். கூட்டத்துக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இவனுக்குத் தெரியவில்லை. அவள் தலையை இறுக்கிச் சுற்றியிருக்கும் துணியை அறையில் அவிழ்க்கிறாள். உள்ளே இருப்பது முடி இல்லை, செக்கச்செவேல் என்று நெளியும் புழுக்கள். பாம்புகளே முடியாக, பார்த்தவரைக் கல்லாக்கும் கிரேக்கப் புராணத்து மெடூசாவைத்தான் எடுத்துக்கொண்டார், ஆனால் கல்லாகச் சமைவதற்குப் பதிலாக, அவன் அதை விரும்ப ஆரம்பிக்கிறான். அருவருப்பும் இன்பமும் ஒரே மூச்சில் வருவதை மூர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். 22 வயதுப் பெண் 1933இல் எழுதியது இது. மறுவருடம் ஜிரெல் என்ற வாளேந்திய கதாநாயகியைக் கொண்டுவந்தார்.

கவிதையும் போட்டார்களா? அதை யார் படித்தார்கள்?

முதலில் கவிதையே வேண்டாம் என்றுதான் இருந்தார்கள். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தின் கவிதைகளைப் போடுங்கள் என்று பெயர்டை நச்சரித்து 1923லேயே கதவைத் திறக்கவைத்தவர் லவ்கிராஃப்ட். ரைட் வந்த பிறகு கவிதை இல்லாத இதழ் அபூர்வம். கதை முடிந்து பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் துணுக்குக்குப் பதில் ஒரு பதினான்கு வரிக் கவிதை. இடத்தை அடைக்கத்தான் என்று ஏளனமாகச் சொல்லலாம். ஆனால் வரிக்கு 25 சென்ட் கொடுத்தார்கள். கதைக்கு வார்த்தைக்கு அரை சென்ட் என்ற கணக்கோடு ஒப்பிட்டால் கவிஞன் பிழைத்தான். லவ்கிராஃப்ட் 1929 டிசம்பர் கடைசியிலும் 1930 ஜனவரி முதல் நாட்களிலுமாக ஒரே மூச்சில் ‘ஃபங்கை ஃப்ரம் யகாத்’ என்ற சானெட் (பதினான்கு வரிக் கவிதை) வரிசையை எழுதினார். அதில் பத்தை ரைட் எடுத்துக்கொண்டு 35 டாலர் கொடுத்தார்.

ஸ்மித்தைக் கவிஞர் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் ஆபர்ன் ஊருக்கு வெளியே மின்சாரம் இல்லாத மரவீட்டில் வாழ்ந்தார், 19 வயதில் முதல் கவிதைத் தொகுப்பு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் பணம் வேண்டும் என்பதால் 1929க்கும் 1934க்கும் இடையில் நூறு கதைக்கு மேல் எழுதித் தள்ளினார். இருவரும் போன பிறகு கதையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, கவிதைக்கும் கல்லில் சின்னச்சின்னச் சிலை செதுக்குவதற்கும் திரும்பினார். அவர் கதைகளைப் படித்தால் உரைநடை வேஷம் போட்ட கவிதை மாதிரி இருக்கும். சிலருக்கு அது திகட்டும். எனக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் தாங்கும்.

ஹோவர்டும் இங்கே கவிதை எழுதினார். லவ்கிராஃப்ட், ஹோவர்ட், ஸ்மித் மூவரையும் பத்திரிகையின் மூன்று தூண்கள் என்பார்கள். மூவரும் ஒருவருக்கொருவர் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை.

கதை, படம், கவிதை மூன்றும் ஒன்றையொன்று தொட்ட ஓர் இடம் உண்டு. 1936 மே இதழில் ராபர்ட் ப்ளாக்கின் ‘தி ஃபேஸ்லெஸ் காட்’ கதைக்கு ஃபின்லே ஒரு படம் வரைந்தார். லவ்கிராஃப்ட் அதில் சொக்கிப்போய் அந்தப் படத்துக்கே ஒரு கவிதை எழுதினார். அது 1937 ஜூலையில் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. அப்புறம் ஃபின்லே, லவ்கிராஃப்டைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கனவானாக, எழுத்திறகும் கையுமாக ஒரு படம் வரைந்தார்.

அந்தக் காலத்தில் வாசகர்களுக்கு யாரை அதிகம் பிடித்தது? லவ்கிராஃப்டைத்தானே?

இல்லை. சீபரி க்வின். எழுதிக் குவித்ததிலும் அவர்தான் முதல் ஆள். ஜூல் த கிராண்டின் என்ற ஃபிரெஞ்சுத் துப்பறிவாளர் நியூஜெர்சியின் சின்ன ஊர் ஒன்றில் காட்டேரிகளையும் சூனியக்காரர்களையும் பிடிப்பார், 93 கதைகள். க்வின் சட்டம் படித்தவர், சவ அடக்கத் தொழில் சட்டத்தில் நிபுணர், சவப்பெட்டிக்காரர்களுக்கான தொழில் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இன்று நான்கைந்து த கிராண்டின் கதைகளைத் தொடர்ந்து படித்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது என்று தெரிந்துவிடும். மாதம் ஒன்று படித்தவர்களுக்கு அது குறையாகத் தெரிந்திருக்காது.

பிற்காலத்தில் பெரிய ஆளான யாராவது இங்கே தொடங்கினார்களா?

டென்னசி வில்லியம்ஸ். ஆம், அந்த நாடகாசிரியர்தான். 1928 ஆகஸ்டில் பழைய எகிப்து ராணி ஒருத்தி பழிவாங்கும் கதை, 35 டாலர். ‘சைக்கோ’ எழுதிய ராபர்ட் ப்ளாக்கின் முதல் விற்பனைகள் பள்ளிக்கூடம் முடித்த வயதில் இங்கேதான். பிராட்பரி 1942இலிருந்து எழுதினார்.

இனவெறி நிறைய இருக்கிறதாமே?

இருக்கிறது. சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. கறுப்பர், சீனர், அரபியர், இந்தியர் என்று வெள்ளையர் அல்லாத யாரும் கதையில் வந்தால் பெரும்பாலும் வில்லன், அல்லது பலியாள். லவ்கிராஃப்டிடம் இது மேல்பூச்சு இல்லை. அவருடைய பயங்களின் அடியிலேயே கிடக்கிறது. உலகக் கற்பனை இலக்கிய விருதாக அவர் தலைச் சிலையைத்தான் கொடுத்துவந்தார்கள். எழுத்தாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 2015இல் அதை நிறுத்திவிட்டார்கள். ரைட் 1930இல் ‘ஓரியண்டல் ஸ்டோரீஸ்’ என்று கீழை நாடுகளுக்கென்றே ஒரு துணைப் பத்திரிகை நடத்தினார். பாக்தாத், பீக்கிங், இந்தியா எல்லாம் அதில் ஒரே குவியல். ரசித்துச் சிரிக்கலாம், சில இடங்களில் சிரிப்பு வராது.

பத்திரிகை எப்போது நின்றது? பிறகு மறுபடி வந்ததா?

1940இலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. 1953இல் அளவு சுருங்கியது. 1954 செப்டம்பர் இதழோடு நின்றது. மொத்தம் 279 இதழ்கள். பிறகு 1970களிலும் 80களிலும் சிலர் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். 1988இல் தொடங்கிய மறுபிறவி ஓரளவு ஓடியது, 2009இல் அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது ஒன்றும் வாங்கியது.

எங்கே படிக்கலாம்? காசு கொடுக்க வேண்டுமா?

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய இதழ்கள் அட்டையிலிருந்து கடைசி விளம்பரம் வரை ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி அச்சாகி 95 வருடம் ஆனவை பொதுவுடைமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருடம் என்ற கணக்கு என்பதால் லவ்கிராஃப்ட், ஹோவர்ட், ஸ்மித் மூவரையும் தாராளமாக மொழிபெயர்க்கலாம். மூர் 1987இல்தான் இறந்தார், அவருக்கு அனுமதி வேண்டும்.

தொகுப்பு நூலில் படிப்பதைவிட முழு இதழாகப் படித்துப் பாருங்கள் என்பேன். கதுலுவைப் படித்து முடித்து அடுத்த பக்கம் போனால் உடம்பைத் தேற்றும் லேகியத்துக்கோ, தபாலில் துப்பறியும் கலை கற்பதற்கோ ஒரு விளம்பரம் இருக்கும். இந்தக் கதைகள் எப்படிப்பட்ட சகவாசத்தில் பிறந்தன என்பது அப்போதுதான் புரியும். ஃபோனில் வேண்டாம், எழுத்து பொடி.

எதிலிருந்து தொடங்குவது?

‘ஷாம்ப்ளோ’ ஒன்று. அப்புறம் 1933 மார்ச்சில் வந்த ஹோவர்டின் ‘தி டவர் ஆஃப் தி எலிஃபண்ட்’. இளம் திருடன் கோனன், மந்திரவாதியின் கோபுரத்தில் ரத்தினம் திருட ஏறுகிறான். உச்சி அறையில் மனித உடலும் யானைத் தலையுமாக ஒரு சிலை. நம் ஆட்களுக்கு யார் ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது சிலை இல்லை, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த உயிர். மந்திரவாதி அதன் கண்களைக் குருடாக்கி, எலும்புகளை முறித்து, வித்தைகளைப் பிடுங்கிக்கொண்டு நூற்றாண்டுகளாகக் கட்டிவைத்திருக்கிறான். அதன் துதிக்கை நீண்டு வந்து கோனனின் முகத்தையும் தோளையும் தடவிப் பார்க்கிறது. வாளை எடுத்து ஏறியவன் அந்த இடத்தில், தன் மனித இனம் செய்த கொடுமைக்காக வெட்கிப்போய் நிற்கிறான்.

அசல் இதழ் ஒன்று வாங்க ஆசை. வாங்கலாமா?

1923 இதழ்களின் விலையைப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். 1940களின் இதழ்கள் பரவாயில்லை. ஆனால் கூழ்த்தாளில் அமிலம் உண்டு, அது தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் இன்னும் வேகமாக. அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து உறையில் போட்டு, வெயில் படாமல் படுக்கவைத்து வையுங்கள். லேமினேஷன் செய்கிறேன் என்று யாராவது வந்தால் துரத்திவிடுங்கள். பிரிக்கும்போது பழுப்புத் தூள் மடியில் உதிரும். வெள்ளை வேட்டியோடு உட்கார வேண்டாம்.